மூச்சை அளந்த வித்தைக்காரர் ஹூடினி

மேட்டூரில் அணை திறந்த மூன்று நான்கு நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறுகள் வாய்க்கால்களாகி, பெரிய வாய்க்கால்கள் கன்னி வாய்க்கால்களாகி வயல்களில் பாயும். வழக்கமாக அணை திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளிக்கூடங்களும் அந்த மாதத்தில்தான் திறக்கும். ஆனால் தண்ணீர் வந்த முதல் வாரத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வகுப்பறையில் இருந்ததைவிடப் படித்துறையில் இருந்த நேரமே அதிகம்.

படித்துறை விளையாட்டுகளில் தலையாயது மூச்சடக்கும் போட்டி. ஒருவன் முழுகுவான். அவன் எழும் வரை மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவார்கள். ஐம்பது வரை எண்ண வைத்தவன் அன்றைய வீரன். ஒரு முறை எங்கள் பள்ளியில் வித்தை காட்ட வந்த ஒருவர், தம்மைக் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொல்லி, ஒரு போர்வைக்குள் புகுந்து, சற்று நேரத்தில் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். மறுநாளே என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் கைகளைத் துண்டால் கட்டச் சொல்லி ஆற்றில் இறங்கினான். இறங்குவதற்கு முன் இருபது முப்பது தடவை பலமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அப்படிச் செய்தால் அதிக நேரம் தாக்குப் பிடிக்கலாம் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த உபாயம்.

நாங்கள் எண்ணிக்கொண்டே இருந்தோம். அறுபதைத் தாண்டியதும் எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. சற்றுத் தள்ளி மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்து, அவன் தலைமுடியைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டார். இருமித் தண்ணீரைக் கக்கிக் கண் விழித்தவன் முதலில் கேட்டது, "எத்தனைடா எண்ணுனீங்க?" என்பதுதான்.

"மூச்சு முட்டினா தெரியும், மேலே வந்துடலாம்னு நெனைச்சியாடா? அது தெரியாதுடா, தம்பி" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது எவ்வளவு சரியான உடலியல் உண்மை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. கட்டவிழ்க்கும் கலையில் உலகப் புகழ் பெற்ற ஹாரி ஹூடினியின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அது விளங்கியது. பள்ளி மேடைகளில் நாம் பார்க்கும் கயிற்று வித்தை, விலங்கு வித்தை பலவற்றையும் உலகெங்கும் பரப்பியவர் அவரே.

வறுமையில் வளர்ந்த சிறுவன்

ஹூடினியின் இயற்பெயர் எரிக் வைஸ். 1874 மார்ச் 24-இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. தந்தை யூதர்களின் சமய குரு. விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் என்ற சிற்றூரில் அவருக்குக் கிடைத்த வேலை சில ஆண்டுகளில் போய்விட்டது. அதன் பிறகு வறுமைதான். சிறுவன் எரிக் பத்திரிகை விற்றான், காலணிகளுக்கு மெருகிட்டான், பின்னர் நியூயார்க்கில் கழுத்துப்பட்டை தயாரிக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டினான். ஓட்டத்திலும் நீச்சலிலும் ஆர்வம் மிகுதி. அந்த நாளில் பழக்கிய உடல்தான் பிற்காலத்தில் அவருக்கு முதலாக அமைந்தது.

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ராபர்ட் ஹூடின் எழுதிய வாழ்க்கை வரலாறு அவர் கையில் கிடைத்தது. அந்தப் பெயரின் கடைசியில் ஓர் 'இ'யைச் சேர்த்து 'ஹூடினி' ஆனார். 1891-இல், பதினேழு வயதில், தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மேடையேறினார். எட்டு ஆண்டுகள் பெயர் சொல்லும்படியான வருமானம் இல்லை.

அவர் காட்டிய வித்தைகளுள் ஒன்று நமக்குச் சற்று நெருக்கமானது. ஒரு கட்டு ஊசிகளையும் நூலையும் வாயில் போட்டு விழுங்குவதுபோலக் காட்டி, பிறகு நூலில் வரிசையாகக் கோத்த ஊசிகளை வாயிலிருந்து இழுப்பார். இதைக் 'கிழக்கிந்திய ஊசி வித்தை' என்றே விளம்பரம் செய்தார். இதற்கு மிக நெருங்கிய வித்தையை, அதாவது வாயில் போட்ட பாசிமணிகளை நாவாலேயே குதிரைமயிரில் கோத்து எடுப்பதை, அவருக்கு வெகுகாலம் முன்பே இலண்டனில் காட்டியவர் ராமசாமி என்ற இந்தியர். ஆங்கிலேயர்கள் அவர் பெயரை 'ராமோ சாமி' என்று எழுதினார்கள். வாள் விழுங்குவதிலும் பந்துகளை எறிந்து பிடிப்பதிலும் அவர் நிகரற்றவராம். ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாசிரியர் இந்திய வித்தைக்காரர்களின் கைத்திறனைக் கண்டு வியந்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அத்தகைய ராமசாமி 1850-இல் இலண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது. பெயரைக் கொண்டு பார்த்தால் அவர் நம் பக்கத்து மனிதர் என்றே தோன்றுகிறது. ஹூடினியைப் பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்க, இவரைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரிகூட இல்லாதது ஒரு குறைதான்.

பூட்டும் கயிறும்

1899-இல் ஒரு நாடக மேலாளர் ஹூடினியின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, "சில்லறை வித்தைகளை விட்டுவிட்டுக் கைவிலங்கை மட்டும் வைத்துக்கொள்" என்ற கருத்துப்படப் புத்தி சொன்னார். அது பலித்தது. ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய், அவர்களுடைய விலங்கையே தம் கையில் பூட்டச் சொல்வார். சற்று நேரத்தில் திறந்த விலங்கைத் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். மாலையில் அரங்கு நிரம்பும். 1900-இல் ஐரோப்பாவுக்குச் சென்றார். அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதிய ஜெர்மானியக் காவலர் மீது வழக்குத் தொடுத்து, 1902-இல் கொலோன் நீதிமன்றத்தில் வென்றார்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. அக்காலத்துக் கைவிலங்குகளில் ஒரே மாதிரியாகச் செய்யப்பட்டவை அனைத்துக்கும் ஒரே திறவுகோல் பொருந்தும். இன்னும் சிலவகை விலங்குகளின் உள்ளே வில்லின் பிடி அவ்வளவு வலுவாக இராது. குறிப்பிட்ட இடத்தில் கடினமான பொருளின்மீது தட்டினாலே திறந்துகொள்ளும். எந்தப் பூட்டு எந்த வகை, அதற்கு எது மருந்து என்பதை ஹூடினி பல ஆண்டுகள் அலைந்து கற்றார். 1910-இல் 'கைவிலங்கு இரகசியங்கள்' என்ற பொருள்படும் நூல் ஒன்றில் இவற்றுள் பலவற்றை அவரே வெளியிட்டும் விட்டார்.

கயிற்றுக் கட்டின் சூட்சுமம் நம் வயல்வெளியிலேயே இருக்கிறது. வைக்கோல் கட்டுபவர் என்ன செய்கிறார்? கட்டின்மேல் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு பிரியை இழுத்து முடிச்சிடுகிறார். அழுத்தாமல் கட்டினால் வண்டியில் ஏற்றுவதற்குள் கட்டு தளர்ந்துவிடும். ஹூடினியைக் கட்டியவர்களால் அவரை அப்படி அழுத்த முடியவில்லை. கட்டும்போது அவர் மார்பை விரித்து, தோள்களை உயர்த்தி, தசைகளை முறுக்கிப் பருத்து நிற்பார். கட்டி முடித்ததும் மூச்சை விட்டு உடலைத் தளர்த்துவார். இரண்டொரு அங்குலம் தொய்வு கிடைத்தால் போதும். கயிறு நீளமாக இருக்க இருக்க அவருக்கு நல்லது. கட்டுபவர் முதல் நான்கு முடிச்சுகளை இறுக்கிப் போடுவார், பின்னவற்றைக் கைசலித்துப் போடுவார்.

1904 மார்ச் 17-இல் இலண்டனில் நடந்த சவாலை இன்றும் பேசுகிறார்கள். ஒரு நாளிதழ், பர்மிங்காம் நகரத்துக் கொல்லர் ஐந்து ஆண்டுகள் உழைத்துச் செய்ததாகச் சொல்லப்பட்ட விலங்கைக் கொண்டுவந்து பூட்டியது. ஏறத்தாழ 4,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடையில் ஹூடினி, மேலங்கியைக் கழற்றுவதற்காக விலங்கைச் சற்றே திறக்கும்படி கேட்டார். மறுத்துவிட்டார்கள், திறக்கும் விதத்தை அவர் பார்த்துவிடுவாரே! உடனே சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, பல்லால் அதை விரித்து, அங்கியைத் துண்டு துண்டாகக் கிழித்து எறிந்தார். ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பின் விலங்கில்லாத கைகளுடன் வெளியே வந்தார். முழுவதும் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம் என்று ஐயுறும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஆனால் நாடகமாகவே இருந்தாலும் பேனாக்கத்தி அருமையான காட்சி!

தண்ணீருக்குள்

விலங்கு வித்தையை வேறு பலரும் காட்டத் தொடங்கியதும் ஹூடினி தண்ணீரை நாடினார். 1908-இல் ஆளுயரப் பால் கேன் ஒன்றில் நீர் நிரப்பி, அதற்குள் தம்மை வைத்து மேலே பூட்டுகள் போடச் செய்தார். "நான் உள்ளே போகும்போது நீங்களும் மூச்சை அடக்கிப் பாருங்கள்" என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார். ஒரு நிமிடத்துக்குள் அரங்கமே மூச்சை விட்டுவிடும். அதன் பின்னும் அவர் வெளிவராதபோது ஏற்படும் கலக்கத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கேனின் கழுத்துப் பகுதி பூட்டுகளுடன் அப்படியே தனியே கழன்று வரும் என்பது இன்று பலருக்கும் தெரிந்த இரகசியம்.

1912 ஜூலை 7-இல் கைக்கும் காலுக்கும் விலங்கிட்டு, பெட்டியில் அடைத்து, ஆணியறைந்து, ஈயக் கட்டிகளும் சேர்த்து நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் இறக்கினார்கள். 57 விநாடிகளில் நீர்மட்டத்தில் தலை தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லின் நகரில் கண்ணாடித் தொட்டி வந்தது. கணுக்கால்களைத் தொழுமரத்தில் பூட்டி, தலைகீழாக நீருக்குள் இறக்கி மூடுவார்கள். இந்தத் தொட்டிக்குள்ளேயே அவர் இறந்ததாகத் திரைப்படத்தில் காட்டியதை உண்மை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு.

மேடையில் கவனிக்க வேண்டியவர் ஹூடினி மட்டுமல்லர். தொட்டிக்கு அருகில் உதவியாளர் ஒருவர் கையில் கோடரியுடன் நிற்பார். குறித்த நேரம் கடந்தால் கண்ணாடியை உடைக்க வேண்டியது அவர் வேலை. நீர் தெளிந்தது, ஓடாதது, அளவு தெரிந்தது. வீட்டில் பெரிய குளியல் தொட்டி ஒன்றை அமைத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாள்தோறும் தம் மூச்சை அளந்தவர் ஹூடினி. மூன்று நிமிடத்துக்கு மேலும் அவரால் தாக்குப் பிடிக்க முடிந்தது. ஆனால் மேடையில் அவ்வளவு நேரம் தேவைப்படாதபடி வித்தையை அமைத்திருந்தார்.

2019 ஜூன் 16-இல் கொல்கத்தாவில் சஞ்சல் லாகிரி என்ற வித்தைக்காரர், ஹூடினியைப் பின்பற்றி, கைகால்களைச் சங்கிலியாலும் கயிற்றாலும் பிணைத்துப் பூட்டச் செய்து, ஹௌரா பாலத்தருகே ஹூக்ளி ஆற்றில் இறங்கினார். அனுபவம் உள்ளவர், பல ஆண்டுகளுக்கு முன் அதே ஆற்றில் இதுபோன்ற வித்தையைச் செய்து மீண்டவர். இம்முறை அவர் எழவில்லை. மறுநாள் மாலைதான் உடல் கிடைத்தது. ஹூக்ளி ஓடும் ஆறு, கலங்கிய ஆறு. கோடரியுடன் நிற்பவர் அங்கே எதை உடைப்பார்?

மூச்சு முட்டுவது ஏன்?

பிராணவாயு குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. மூச்சை அடக்கும்போது உடல் பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமிலவாயுவை உண்டாக்குகிறது. இந்தக் கரியமிலவாயு இரத்தத்தில் சேரச் சேர, மூளையின் அடியிலுள்ள முகுளம் "மூச்சு விடு, மூச்சு விடு" என்று உந்துகிறது. நாம் உணரும் தவிப்பு பெரும்பாலும் கரியமிலவாயுவின் மிகுதியைக் காட்டும் மணியோசையே தவிர, பிராணவாயுவின் குறைவைக் காட்டுவதன்று.

என் தோழன் முழுகும் முன் பலமாக மூச்சு வாங்கினான் அல்லவா? அதனால் அவன் பிராணவாயுவை அதிகம் சேமிக்கவில்லை. சாதாரணமாகவே நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் கொள்ளக்கூடிய பிராணவாயுவில் நூற்றுக்கு 97 பங்கு வரை நிரம்பித்தான் இருக்கின்றன. அவன் செய்ததெல்லாம் கரியமிலவாயுவை வெளியேற்றியதுதான். அதாவது மணியின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டான். நீருக்குள் பிராணவாயு குறைந்துகொண்டே போயிற்று. எச்சரிக்கும் மணி அடிக்கவில்லை. தவிப்பு வருவதற்கு முன்பே மூளை மயங்கிவிட்டது. தரையில் மயங்கினால் மூச்சு தானாகத் திரும்பும். நீருக்குள் மயங்கியவன் இழுக்கும் முதல் மூச்சு தண்ணீர். பெரியவர் "தெரியாதுடா" என்றது இதைத்தான்.

மூச்சடக்கிப் பார்க்க ஆசையுள்ளவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, இயல்பாக ஒரு மூச்சு இழுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். ஓடிவந்த பின்பு ஒரு முறையும், பத்து நிமிடம் சும்மா இருந்த பின்பு ஒரு முறையும் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். உடல் அமைதியாக இருந்தால் பிராணவாயுவின் செலவு எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். ஆற்றில் ஒருவன் எழாவிட்டால் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. மூளை பிராணவாயு இல்லாமல் நான்கைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. கரையேற்றியவனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அதனால் பயனில்லை, நேரம்தான் போகும். மூச்சு நின்றிருந்தால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்றூதி, நடுமார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

பெட்டிக்குள் 91 நிமிடம்

1926-இல் ரஹ்மான் பே என்பவர் தம்மை எகிப்தியப் பக்கீர் என்று சொல்லிக்கொண்டு நியூயார்க்கில் தோன்றினார். யோக மயக்கத்தில் ஆழ்ந்து, மூடிய பெட்டிக்குள் நீரடியில் ஒரு மணி நேரம் கிடந்தார். இது தெய்வீக ஆற்றல் என்றார்கள். ஹூடினிக்கு வயது 52. "மயக்கமும் வேண்டாம், ஆற்றலும் வேண்டாம், காற்றைச் சிக்கனமாகச் செலவிட்டால் போதும்" என்பது அவர் வாதம். ஆகஸ்டு 5-இல் ஷெல்டன் ஓட்டலின் நீச்சல் குளத்தில், காற்றுப் புகாத உலோகப் பெட்டிக்குள் 91 நிமிடம் இருந்து காட்டினார். பெட்டிக்குள் தொலைபேசியும் வைத்திருந்தார்.

இது எப்படி முடிந்தது? பழைய தஞ்சாவூர் வீடுகளின் நெல் பத்தாயத்தில் ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் படுத்தபின் அதில் 400 லிட்டர் காற்று மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. ஆக, 84 லிட்டர். அசையாமல் கிடப்பவர் ஒரு நிமிடத்துக்குச் செலவிடுவது ஏறத்தாழக் கால் லிட்டர். 90 நிமிடத்தில் 22 அல்லது 23 லிட்டர் போகும். மிச்சம் 61 லிட்டர். நூற்றுக்கு 15 பங்கு. உயிர் வாழ இது போதும். ஆனால் கரியமிலவாயு நூற்றுக்கு 4 அல்லது 5 பங்காக ஏறியிருக்கும். வெளிக்காற்றில் இருப்பதைவிட இது நூறு மடங்குக்கும் மேல். தலைவலி, வியர்வை, கடும் மூச்சுவாங்கல் எல்லாம் வரும். ஹூடினியும் வெளிறி, வியர்வையில் நனைந்துதான் வெளியே வந்தார். பயந்து கைகாலை உதைத்திருந்தால் செலவு இரண்டு மூன்று மடங்காகி, கணக்கு தலைகீழாகியிருக்கும். (பத்தாயத்தில் ஒளிந்து விளையாடுபவர்களுக்கு ஒரு செய்தி: ஈரம் காயாத நெல்லும் மூச்சு விடும், உள்ளேயிருக்கும் காற்றில் பங்கு கேட்கும்.)

தம் அனுபவத்தை விவரமாக எழுதி, அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த மருத்துவர் மெக்கானலுக்கு அனுப்பினார் ஹூடினி. சுரங்கம் இடிந்து உள்ளே அகப்பட்டவர்கள் அசையாமல், பேசாமல், மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் மீட்புக்காரர்கள் வரும்வரை பிழைக்கக்கூடும் என்பது அவர் கருத்து. அவர் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இறந்தோரின் ஆவியுடன் பேசுவதாகச் சொல்லிப் பணம் பறித்தவர்களை ஹூடினி விடாமல் துரத்தினார். ஓர் அறிவியல் இதழ் அமைத்த ஆய்வுக் குழுவிலும் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில், ஹூடினிக்கே அமானுஷ்ய சக்தி உண்டு என்று நம்பினார். "எல்லாம் தந்திரம்தான்" என்று ஹூடினி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவர்கள் நட்பு முறிந்தது.

1926 அக்டோபர் 22-இல் மான்ட்ரியல் நகரில், ஹூடினி தசையை இறுக்கித் தயாராவதற்கு முன்பே, ஒரு மாணவன் அவர் வயிற்றில் பல முறை குத்தினான். குத்துகளை அவர் தாங்குவார் என்று கேள்விப்பட்டுச் செய்த சோதனை அது. வயிற்று வலியையும் காய்ச்சலையும் பொருட்படுத்தாமல் டெட்ராய்ட் நகரில் மேடையேறினார். குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவியிருந்தது. குத்துதான் காரணமா, முன்பே நோய் இருந்து குத்தின் வலி அதை மறைத்ததா என்று மருத்துவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அக்டோபர் 31-இல் அவர் இறந்தார்.

ஆவியாகத் திரும்பி வர முடியுமானால் சொல்வதற்கென்று, தமக்கும் மனைவி பெஸ்ஸுக்கும் மட்டும் தெரிந்த குறிச்சொல் ஒன்றை ஹூடினி வைத்துவிட்டுப் போயிருந்தார். பெஸ் ஆண்டுதோறும் அதே நாளில் விளக்கேற்றிக் காத்திருந்தார். 1936 அக்டோபர் 31 இரவு, ஹாலிவுட்டில் ஓர் ஓட்டலின் மொட்டை மாடியில் கடைசி முறையாகக் கூடினார்கள். ஒன்றும் வரவில்லை. பத்து ஆண்டுகளாக அணையாமல் வைத்திருந்த விளக்கைப் பெஸ் அணைத்தார்.